பருவத்தின் நடுவில் ஒரு பக்கச் சர்வே: மாணவரிடம் கேட்பதும், கேட்டதை வைத்துக் கற்பித்தலைத் திருத்துவதும்

கேள்வி இது: வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள். பருவக் கடைசியில் நிர்வாகம் எடுக்கும் மதிப்பீட்டில் எல்லா ஆசிரியர்களுக்கும் ஐந்துக்கு 4.2, 4.3 என்றே வருகிறது. அதைப் பார்த்து எதை மாற்றுவதென்று தெரியவில்லை. நாமே மாணவர்களிடம் சர்வே எடுத்து, நம் கற்பித்தலைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள என்ன வழி?

நிர்வாகப் படிவத்தை முதலில் ஓரமாக வையுங்கள். ஆசிரியர்களை ஒப்பிடவும் கோப்பில் சேர்க்கவும் தயாரித்தது அது. பாடமெல்லாம் முடிந்தபின் வருவதால், அதை நிரப்பும் மாணவருக்கு எந்தப் பயனும் இல்லை. இது அவருக்கும் தெரியும். அதனால்தான் முதல் கேள்விக்குப் போட்ட டிக்கை அப்படியே நேர்கோட்டில் கடைசிவரை இறக்கிவிட்டுப் போகிறார். உங்களுக்கு வேண்டியது வேறு. வகுப்பில் நடப்பதாக நீங்கள் நினைப்பதற்கும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்மையில் நடப்பதற்கும் இடையே எங்கே விலகல் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆறு கேள்வி கொண்ட ஒரு பக்கம் போதும். ஆனால் அதைப் பருவத்தின் நடுவில் எடுக்க வேண்டும், பதில்களைப் பிரிப்பதற்கு முன் நீங்களும் அதே படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் வகுப்பில் பதில் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வேலை பாதியில் நின்றுவிடும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதில் தெளிவு வேண்டும். மாணவர் நல்ல சாட்சி. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவரை உட்காரவைக்கக் கூடாது. கடைசி வரிசைக்குக் குரல் எட்டியதா, போர்டில் எழுதியதைக் காப்பி செய்ய நேரம் கிடைத்ததா, சந்தேகம் வந்தபோது கேட்க முடிந்ததா, வீட்டில் எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆசிரியருக்குப் பாட அறிவு போதுமா, பாடத்திட்டம் காலத்துக்கு ஏற்றதா, தான் எவ்வளவு கற்றோம் என்பவற்றில் அவருடைய கணிப்பு பல நேரம் தவறிவிடும்.

இதற்குப் பெயர்போன ஒரு சோதனை உண்டு. 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்திக் கல்வியாளர்கள் முன் பேச வைத்தார்கள். பேச்சில் சரக்கே இல்லை. முன்னுக்குப்பின் முரணான வாக்கியங்கள், நடுநடுவே நகைச்சுவை, நிறையத் தன்னம்பிக்கை, அவ்வளவுதான். படித்தவர்கள் நிறைந்த அந்தக் கூட்டம் மதிப்பீட்டுப் படிவத்தில் அவரைத் தாராளமாகப் பாராட்டியது. 2019இல் ஹார்வர்டின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளை வைத்து வெளியான ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தாங்களே கணக்குப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துக் கற்றவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே அவர்களுக்குத் தோன்றியது. முட்டிமோதிக் கற்கும்போது அப்படித்தான் இருக்கும். இது தெரியாமல், ‘குழு வேலையில் ஒன்றும் கற்கவில்லை’ என்ற நாலு பதிலைப் பார்த்துவிட்டுக் குழு வேலையையே நிறுத்திவிடும் ஆசிரியர்கள் உண்டு. எவ்வளவு கற்றார்கள் என்று தெரிய வேண்டுமானால் பத்து நிமிடத் தேர்வு வையுங்கள். சர்வே அதற்கான கருவி இல்லை.

சார்பு என்ற பிரச்சினையும் இருக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இணையவழிப் பாடம் ஒன்றின் உதவி ஆசிரியர்கள் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சில குழுக்களுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். மாணவர் எழுதித் தந்த பயிற்சிகளைத் திருத்தி எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் ‘விரைவாகத் திருப்பித் தந்தாரா’ என்ற கேள்வியில் ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55 கிடைத்தது. மாணவர் எண்ணிக்கை சிறியதுதான். இருந்தாலும் படிவம் எழுதுகிறவருக்கு இதில் பாடம் இருக்கிறது. ‘விரைவாகத் தந்தாரா’ என்று மதிப்பெண் கேட்டால் ஆள் பிடிக்கும் பிடிக்காது என்பதெல்லாம் உள்ளே வந்துவிடும். ‘கடைசியாகக் கொடுத்த பயிற்சித்தாள் திருத்தி வர எத்தனை நாள் ஆனது: 3 நாளுக்குள், ஒரு வாரத்துக்குள், இரண்டு வாரத்துக்குள், இன்னும் வரவில்லை’ என்று கேட்டால் அவ்வளவாக வராது. மதிப்பீட்டுக்கு முன் சாக்லேட் கொடுத்த குழுக்கள் கூடுதல் மதிப்பெண் போட்டதாக 2007இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. சர்வே எடுக்கும் நாளில் எதையும் கொடுக்காதீர்கள், எதையும் திருப்பியும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, திருத்திய விடைத்தாளை.

இனி, கேள்வி அமைக்கும் விதம். பல படிவங்களில் பார்க்கக்கூடிய கேள்வி ஒன்று: ‘ஆசிரியர் பாடத்தைத் தெளிவாகவும் ஆர்வமூட்டும் வகையிலும் நடத்துகிறார். முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன்...’ இதில் மூன்று கோளாறுகள். தெளிவு ஒன்று, ஆர்வம் வேறொன்று. தெளிவாக இருந்து சலிப்பாகவும் இருந்தால் மாணவர் எதில் டிக் போடுவார்? அடுத்து, வாக்கியமே பாராட்டாக இருப்பதால் ‘உடன்படுகிறேன்’ என்பதுதான் மரியாதையான பதில். 1932இல் அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் அறிமுகப்படுத்திய இந்த உடன்பாட்டு அளவுகோலில், சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் போக்கு எப்போதும் உள்ள சிக்கல். கேட்பவர் கையில் மதிப்பெண் இருந்தால் அந்தப் போக்கு இன்னும் கூடும். மூன்றாவது, காலவரையறை இல்லை. மாணவர் நினைவில் நேற்றைய வகுப்பும் இருக்கலாம், முதல் நாளும் இருக்கலாம்.

அதே கேள்வியை இப்படி மாற்றலாம்: ‘சென்ற இரண்டு வாரங்களில், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, அன்றைய பாடத்தின் முக்கியக் கருத்தை நண்பருக்குச் சொல்லும் அளவுக்குப் பிடிபட்டிருந்தது: எல்லா வகுப்பிலும், பெரும்பாலான வகுப்புகளில், சில வகுப்புகளில், அரிதாக.’ காலம் வந்துவிட்டது. எத்தனை முறை என்ற கணக்கு வந்துவிட்டது. பாராட்டவோ குறைசொல்லவோ வேண்டிய நெருக்கடி போய்விட்டது. எதிர்மறை வாக்கியங்களையும் தவிருங்கள். ‘பாடம் வேகமாகப் போவதில்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று பதில் போட்டால் வேகம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? தேர்வு எழுதும் கவனத்தோடு யாரும் சர்வேயைப் படிப்பதில்லை.

முழுப் படிவம் இப்படி இருக்கலாம். தாளின் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது, நிரப்பப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது.

1. சென்ற இரண்டு வாரங்களில் பாடம் போன வேகம்: மிக மெதுவாக / கொஞ்சம் மெதுவாக / சரியாக / கொஞ்சம் வேகமாக / மிக வேகமாக.
2. வகுப்பு முடியும்போது முக்கியக் கருத்து பிடிபட்டிருந்தது: (மேலே சொன்ன நான்கு தெரிவுகள்).
3. புரியாதபோது வகுப்பிலேயே கேட்டேன்: எப்போதும் / சில நேரம் / கேட்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் ஏன்? எல்லாரும் பார்ப்பார்கள் / கேட்க நேரம் கிடைக்கவில்லை / கேட்டாலும் அதே விளக்கம்தான் வரும் / என்ன கேட்பதென்றே தெரியவில்லை / வேறு காரணம்.
4. இந்தப் பாடத்துக்கு வகுப்புக்கு வெளியே வாரத்துக்கு நான் செலவிடும் நேரம்: ஒரு மணிக்குள் / 1 முதல் 3 மணி / 3 மணிக்கு மேல்.
5. பாடம் புரிய உங்களுக்கு உதவுகிற, நிறுத்தக்கூடாத ஒரு விஷயம் என்ன?
6. அடுத்த வாரமே மாற்றக்கூடிய ஒரே ஒரு விஷயம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

இந்த ஆறில் அதிகம் சொல்வது மூன்றாவதுதான். கேள்வி வராத வகுப்பைப் பார்த்து ‘எல்லாருக்கும் புரிந்துவிட்டது’ என்று ஆசிரியர் முடிவுகட்டுவதும், ‘பசங்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று முடிவுகட்டுவதும் சம அளவில் நடக்கிறது. காரணத்தைப் பொறுத்துச் செய்ய வேண்டியது முற்றிலும் மாறும். ‘எல்லாரும் பார்ப்பார்கள்’ என்று நிறையப் பேர் போட்டிருந்தால், ‘டவுட் இருக்கா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச விட்டு, ‘உங்கள் இருவருக்கும் எந்த வரியில் சிக்கியது?’ என்று கேளுங்கள். சந்தேகம் ஒரு ஆளுடையதாக இல்லாமல் ஒரு ஜோடியுடையதாகிவிடும். ‘அதே விளக்கம்தான் வரும்’ என்றால், கடினமான ஒவ்வொரு கருத்துக்கும் இரண்டாவது விளக்கம் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டு போக வேண்டும்: முதலில் சூத்திரம் சொன்னால் மறுமுறை படம், முதலில் வரையறை சொன்னால் மறுமுறை உதாரணம். ‘என்ன கேட்பதென்றே தெரியவில்லை’ என்பதுதான் ஆழமான பிரச்சினை. அவருக்குச் சந்தேகம் இல்லை. பிடிப்பதற்கு நுனியே கிடைக்கவில்லை. அங்கே கேள்வியை ஊக்குவித்துப் பயனில்லை. படிப்படியாகப் போட்ட ஒரு முழுக் கணக்கைக் கொடுத்து, ‘எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போனது தெரியவில்லை, வட்டம் போடுங்கள்’ என்றால் நுனி கிடைக்கும்.

ஐந்தாவது, ஆறாவது கேள்விகளில் ‘ஒன்று’ என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ‘உங்கள் கருத்துகளை எழுதவும்’ என்று காலி இடம் விட்டால் பாதிப் பேர் ‘நன்றி’ என்று எழுதுவார்கள். ‘நிறுத்துங்கள், தொடங்குங்கள், தொடருங்கள்’ என்று மூன்று கட்டம் போடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் ‘நிறுத்துங்கள்’ கட்டம் எரிச்சலைக் கொட்டும் இடமாகிவிடுகிறது. நிறுத்தக்கூடாததை முதலில் கேட்டுவிட்டால், மாற்ற வேண்டியதைச் சொல்லும்போது குரல் நிதானப்படுகிறது. உங்களுக்கும் ஒரு லாபம்: எதைத் தொடக்கூடாது என்பது தெரியும். ஆறு பேர் குறை சொன்னதால் இருபது பேருக்கு உதவிய பழக்கத்தைக் கைவிடும் அபாயம் நிஜமானது.

படிவத்தை அச்சடிக்கும் முன் வேறு வகுப்பு மாணவர் மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை. ‘வகுப்புக்கு வெளியே’ என்பதில் டியூஷனும் சேருமா என்ற மாதிரிக் குழப்பங்கள் அங்கேயே வெளிவந்துவிடும்.

எப்போது எடுப்பது? பதினைந்து, பதினாறு வாரப் பருவமென்றால் ஐந்து முதல் ஏழாவது வாரத்துக்குள். அதற்கு முன் எடுத்தால் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது, பின்னால் போனால் மாற்ற உங்களுக்கு நேரம் இருக்காது. தேர்வுக்கு முந்தைய நாளும் மதிப்பெண் சொன்ன நாளும் வேண்டாம். பீரியடின் கடைசி ஐந்து நிமிடத்தில் கொடுத்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நிரப்புவார்கள். முதல் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். லிங்க் அனுப்பி ‘வீட்டில் போய் நிரப்புங்கள்’ என்றால் 42 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் நிரப்புவார்கள். அதுவும் பெரும்பாலும் மிகவும் பிடித்தவர்களும் மிகவும் கோபமாக இருப்பவர்களும். நடுவில் இருப்பவர்களின் குரலே கேட்காது.

பெயர் தெரியாது என்ற வாக்குறுதியை வெறும் வாயால் கொடுத்தால் போதாது. கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்திருந்தாலும், ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பை இயக்கினால் மாணவர் தன் கணக்கில் உள்நுழைய வேண்டிவரும். உள்நுழைந்த நொடியே ‘சாருக்குப் பெயர் போய்விடும்’ என்று நினைப்பார், பதில் மாறிவிடும். இரண்டு பேர் இருமுறை நிரப்பினாலும் பரவாயில்லை, அந்த அமைப்பை அணையுங்கள். பதில்கள் சேரும் தாளில் நேரமும் பதிவாகும் என்பதால், ‘தாமதமாக நிரப்பியது யார்’ என்று ஊகிக்கத் தோன்றும். அந்த நெடுவரிசையை முதலிலேயே நீக்கிவிடுங்கள். காகிதமென்றால், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பிரச்சினை. ஒரு மாணவர் உறையில் வாங்கி, கலைத்து, ஒட்டித் தரட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். பாலினம், விடுதியா வீடா, தமிழ்வழியில் படித்தவரா ஆங்கிலவழியிலா என்ற விவரங்களைக் கேட்காதீர்கள். நாற்பது பேர் வகுப்பில் அந்த மூன்றைச் சேர்த்தால் பல இடங்களில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சுவார்.

வெளியே போகும் முன் சொல்ல வேண்டியது அரை நிமிடப் பேச்சு: ‘இதற்கு மார்க் கிடையாது, பெயர் எழுத வேண்டாம். பாடத்திட்டம், தேர்வுத் தேதி, வகுப்பு நேரம் இதெல்லாம் என் கையில் இல்லை. வேகம், உதாரணம், வீட்டுப்பாடம், சந்தேகம் கேட்கும் முறை இதெல்லாம் என் கையில் இருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் என்ன வந்தது, எதை மாற்றப்போகிறேன் என்று சொல்கிறேன். யாருக்காவது நேரடியாக உதவி வேண்டுமென்றால் இதில் எழுதாதீர்கள், எழுதியது யாரென்று எனக்குத் தெரியாது. என்னிடமோ ஆலோசகரிடமோ வாருங்கள்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடக்கூடாது. தாங்க முடியாத துன்பத்தைப் பெயரில்லாத தாளில் எழுதிவிட்டு, ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டது என்று நம்பி ஒரு மாணவர் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

மாணவர்கள் நிரப்பும் அதே பத்து நிமிடத்தில் நீங்களும் வெளியே நின்று ஒரு படிவத்தை நிரப்புங்கள், உங்கள் கருத்தாக இல்லாமல் ஊகமாக. முதல் கேள்வியில் எத்தனை பேர் ‘சரியாக’ என்று போடுவார்கள்? கேட்காததற்கு எந்தக் காரணம் அதிகம் வரும்? ஆறாவதில் எது முதலிடம் பிடிக்கும்? எண்களாக எழுதித் தேதி போட்டு வையுங்கள். இதைச் செய்யாமல் உறையைப் பிரித்தால், எது வந்தாலும் ‘நான் நினைத்ததுதான்’ என்று மனம் சொல்லிவிடும். ஊகத்தைப் பேனாவால் எழுதி வைத்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இனி எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக 42 பேரில் 38 பேர் நிரப்பியிருக்கிறார்கள், வேகம் பற்றிய கேள்வியில் மிக மெதுவு 4, கொஞ்சம் மெதுவு 9, சரி 7, கொஞ்சம் வேகம் 11, மிக வேகம் 7 என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் 5 வரை எண் கொடுத்துச் சராசரி எடுத்தால் 3.2. நடுப்புள்ளி 3 என்பதால், வேகம் கிட்டத்தட்டச் சரி என்று தோன்றும். உண்மையில் சரி என்று சொன்னவர்கள் ஏழே பேர். பதின்மூன்று பேருக்கு மெதுவு, பதினெட்டுப் பேருக்கு வேகம். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு பக்கம் கூடுதலாகக் கெடும். சராசரி மறைத்ததை எண்ணிக்கை காட்டுகிறது. அதனால் சராசரியே எடுக்காதீர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று மட்டும் எழுதுங்கள். சதவீதமும் வேண்டாம். ‘2.6 சதவீதம்’ என்பது இங்கே ஒரு மாணவர்.

அடுத்து, தாள்களை முதல் கேள்வியின்படி மூன்று கட்டாகப் பிரியுங்கள்: மெதுவு, சரி, வேகம். ஒவ்வொரு கட்டிலும் மூன்றாம், நான்காம் கேள்விகளைப் பாருங்கள். ‘வேகம்’ கட்டில் பெரும்பாலானோர் வீட்டில் 3 மணிக்கு மேல் செலவிடுகிறார்கள் என்றால் அவர்கள் உழைக்கிறார்கள், ஏதோ ஓர் அடிப்படை விட்டுப்போயிருக்கிறது. ஒரு மணிக்குள் என்றால் கதை வேறு. கணினியில் வடிகட்டிப் பார்ப்பதும் இதுவேதான். ஆனால் கையில் தாளைப் பிரித்துப் பார்க்கும்போது ஒரு மாணவரின் ஆறு பதில்களும் ஒன்றாகக் கண்ணில் படும்.

எழுத்துப் பதில்களில் தடுமாறாத ஆசிரியர் இல்லை. முப்பது நல்ல வரிகள் மறந்துபோகும், ஒரு கொடூரமான வரி மூன்று நாள் கூடவே வரும். அலுத்துப்போன மாலையில் பிரிக்காதீர்கள். முதல் வாசிப்பில் ஒன்றும் முடிவு செய்யாமல் மறுநாள் நான்கு குவியலாகப் பிரியுங்கள்: உடனே மாற்றக்கூடியது, அடுத்த முறை மாற்றக்கூடியது, என் கையில் இல்லாதது, மாற்றக்கூடாதது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘விடையைப் போர்டில் எழுதிப்போடுங்கள்’ என்று பதினைந்து பேர் கேட்டாலும், தாங்களே போட்டுப் பார்ப்பதுதான் பாடத்தின் நோக்கமென்றால் மாற்றக்கூடாது. ஏன் என்று விளக்க வேண்டும்.

எத்தனை பேர் சொன்னால் கணக்கில் எடுப்பது? பெரும்பான்மை என்ற விதி இங்கே பொருந்தாது. உடை, குரல், தோற்றம் பற்றிய வரியை எத்தனை பேர் எழுதியிருந்தாலும் தள்ளுங்கள். ‘கடைசி பெஞ்சிலிருந்து போர்டின் கீழ்ப்பகுதி தெரியவில்லை’ என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் எடுங்கள். அது அபிப்பிராயம் இல்லை, தகவல். காலி அறையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். பதில்களை ஏஐ கருவியில் போட்டுச் சுருக்கம் கேட்டால் முதலில் காணாமல்போவது இந்த மாதிரி வரிதான். தவிர, உங்களை நம்பி எழுதியது வெளியே போகிறது என்பதையும் யோசியுங்கள்.

இப்போதுதான் திரும்பிப் பார்த்தல் தொடங்குகிறது. அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் பிரித்துக் காட்டியது போல, செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது ஒன்று, செய்து முடித்தபின் யோசிப்பது இன்னொன்று. சர்வே இரண்டாவதற்குத்தான் பயன்படும். ஒரு நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: ஊகித்தது, வந்தது, சாத்தியமான விளக்கங்கள், மாற்றுவது, எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். மூன்றாவது நெடுவரிசையில் குறைந்தது இரண்டு விளக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்காவதுக்குப் போகாதீர்கள். ‘வேகம்’ என்று 18 பேர் சொன்னதும் ‘மெதுவாகப் பேசுகிறேன்’ என்று முடிவெடுப்பதுதான் வழக்கமான தவறு. பேச்சு வேகம் ஒரு விளக்கம். முந்தைய பாடம் மனதில் நிற்கவில்லை என்பது இன்னொன்று. எழுதிக்கொண்டே கேட்க வேண்டியிருப்பது மூன்றாவது. மூன்றையும் சோதிக்கலாம். முந்தைய பாடத்திலிருந்து மூன்று கேள்விகளைத் துண்டுத்தாளில் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போது எத்தனை பேனா ஓடுகிறது என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். முக்கால்வாசிப் பேர் எழுதிக்கொண்டிருந்தால் உங்கள் விளக்கம் யார் காதிலும் விழவில்லை. எழுதும் நேரத்தையும் கேட்கும் நேரத்தையும் பிரித்து, போர்டை அழிக்கும் முன் இரண்டு நிமிடம் விட்டாலே போதும், பேச்சை மாற்ற வேண்டியதில்லை.

இதை இன்னொருவரோடு உட்கார்ந்து செய்வது கணிசமான வித்தியாசம் தரும். கல்வி ஆய்வாளர் பீட்டர் கோஹன் 1980இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பருவ நடுவில் மாணவர் மதிப்பீட்டை வெறுமனே வாங்கிப் பார்த்தவர்களுக்குப் பருவ இறுதியில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதைப் பற்றி ஓர் ஆலோசகருடன் பேசியவர்களுக்கு முன்னேற்றம் தெளிவாகக் கூடுதல். ஆலோசகர் இல்லாவிட்டால், உங்களை மதிப்பிடும் பொறுப்பில் இல்லாத ஒரு சக ஆசிரியர் போதும். துறைத் தலைவர் வேண்டாம். இந்தத் தாள்கள் பதவி உயர்வுக் கோப்பில் ஒருமுறை நுழைந்துவிட்டால், அடுத்த முறை பாதுகாப்பான கேள்விகளை மட்டுமே கேட்கத் தோன்றும்.

வகுப்பில் பதில் சொல்லும் ஐந்து நிமிடம்தான் அடுத்த சர்வேயின் தரத்தைத் தீர்மானிக்கிறது. சொல்ல வேண்டியது இந்த அளவு: ‘38 பேர் எழுதியிருந்தீர்கள். பதினெட்டுப் பேருக்கு வேகம் அதிகம், பதின்மூன்று பேருக்கு மெதுவு. எழுதிக்கொண்டே கேட்பது கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றுமுதல் விளக்கும்போது பேனாவை வையுங்கள், எழுதத் தனியாக நேரம் தருகிறேன். சீக்கிரம் முடிப்பவர்களுக்குப் போர்டின் ஓரத்தில் ஒரு கடினமான கணக்கு இருக்கும். வாரத் தேர்வை எடுத்துவிடச் சொல்லியிருந்தீர்கள், அதை எடுக்க மாட்டேன். மறந்துபோகாமல் இருக்க அது உதவுகிறது.’ ஒரு மாற்றம், அதிகம் போனால் இரண்டு, மாற்றாததில் ஒன்று, அதற்கான காரணம். ஆறு மாற்றங்களை அறிவித்தால் மூன்றாம் வாரம் ஒன்றுகூட மிஞ்சாது. கிண்டலாக ஒரு வரியைப் படித்துக் காட்டுவது, ‘இதை எழுதினவங்க யாருன்னு எனக்குத் தெரியும்’ என்று சிரிப்பது, தன் தரப்பை வாதாடுவது ஆகிய மூன்றில் எதைச் செய்தாலும் அந்த வகுப்பில் நேர்மையான பதில் அதோடு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரே கேள்வியுள்ள துண்டுத்தாள்: ‘எழுதும் நேரத்தைப் பிரித்தது உங்களுக்கு: உதவுகிறது / வித்தியாசமில்லை / இடைஞ்சல்.’ கூடவே அந்தப் பாடப்பகுதியின் சிறு தேர்வு மதிப்பெண்ணையும் பக்கத்தில் வையுங்கள். பிடித்திருந்தும் மதிப்பெண் நகரவில்லை என்றால், நோட்டின் மூன்றாவது நெடுவரிசையில் எழுதிய அடுத்த விளக்கத்தை எடுத்துச் சோதிக்க வேண்டிய நேரம்.

பெரிய சர்வே பருவத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இடையில், வகுப்பு முடியும்போது ‘இன்று எது குழப்பமாக இருந்தது?’ என்று ஒரு வரி வாங்கலாம். வயதுவந்தோர் கல்வி அறிஞர் ஸ்டீபன் புரூக்ஃபீல்டு வாராந்தரம் கேட்கச் சொன்ன ஐந்து கேள்விகளும் இந்த வகையே: எப்போது மிகவும் ஈடுபட்டிருந்தீர்கள், எப்போது விலகிப்போனீர்கள், யார் செய்த எது உதவியது, எது குழப்பியது, எது வியப்பளித்தது. பெரிய மாணவர்களிடம் நன்றாக வேலை செய்யும், ஆனால் வாரா வாரம் படித்துப் பதில் சொல்ல உங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். ஒரே வாரத்தில் ஆறு ஆசிரியர்களும் சர்வே கொடுத்தால் மூன்றாவதிலிருந்து குப்பைதான் வரும். தேதியை உங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான வகுப்பில் பெயரில்லாத படிவம் என்பது பெயரளவில்தான். அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிளார்க் உருவாக்கிய சிறுகுழு முறை பொருத்தம். சக ஆசிரியர் ஒருவர் இருபது, இருபத்தைந்து நிமிடம் வகுப்பை எடுத்துக்கொள்கிறார், நீங்கள் வெளியே. மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்கள், எது உதவுகிறது, எது தடுக்கிறது, எப்படி மாற்றலாம் என்று பேசி, குழுவே ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதித் தருகின்றன. அவர் தெளிவில்லாததைக் கேட்டுத் தொகுத்து உங்களிடம் சொல்கிறார். அடுத்த வாரம் அவருடைய வகுப்புக்கு நீங்கள் போகலாம். பெரிய வகுப்பிலும் இதைச் செய்யலாம், ஆனால் கூச்சப்படுபவரின் குரலைக் குழு அமுக்கிவிடும் என்பதால் அங்கே படிவத்தோடு சேர்த்துத்தான்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ‘சென்ற இரண்டு வாரம்’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. இன்றைய வகுப்பை மட்டும் கேளுங்கள். சிரிக்கும் முகம், நடு முகம், வாடிய முகம் என மூன்று போதும். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, எல்லாரும் வட்டம் போட்டபின் அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் சிரிக்கும் முகத்தையே வட்டமிடும் பழக்கம் இருப்பதால், முதல் கேள்வியாகப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத, பலருக்குப் பிடிக்காத ஏதாவது ஒன்றைக் கேட்டு, வாடிய முகத்துக்கும் வட்டம் போடலாம் என்று காட்டிவிடுங்கள்.